மடி கேட்ட ஏரி

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குள் காரை ஓட்டினால் எஞ்சினுக்குள் ஏரி ஏறி உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் இது வழக்கம்தான். வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திருகாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

அன்று குருவித்தாங்கல் ஏரியின் தரைப்பாலத்தில் தண்ணீர் பம்பருக்கு மேல் ஓடியது. முதல் கியரிலேயே கடந்தேன். கரை ஏறியதும் வண்டி குலுங்கி நின்றது.

தங்கையின் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து. குழந்தையின் அம்மாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் முறை என்னுடையது. என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பன்னிரண்டு மணிக்கு நல்ல நேரம் முடிகிறது. நான் போகாவிட்டால் சம்பந்தி வீட்டார் தங்கையை நாலு வார்த்தை கேட்பார்கள்.

மெக்கானிக் சவரிமுத்து வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்தார். இரண்டு கெண்டைக் குஞ்சுகள் விழுந்தன. ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. எஞ்சினில் காதை வைத்துக் கேட்டார்.

"குருவித்தாங்கல்தான். முழுசா உள்ள இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். தரைப்பாலம் காய்ந்து கிடந்தது. ஏரியில் சேறும் கொக்குகளும்தான் இருந்தன.

"சாவியைத் தொட்டீங்களா ஐயா?"

"இல்லை."

"நாந்தான் ஒரே ஒரு தடவை திருகினேன்," என்றாள் என் மனைவி பூமயில். "இவர் இறங்கி டயரைத் தடவிக்கிட்டு இருந்தார்."

"அதான் ஏரி பயந்துபோயிருக்கு. எஞ்சின் ராடு வளையாதது உங்க நல்ல காலம். பிளக்கைக் கழட்டினா தானா வடிஞ்சிருக்கும். இப்ப மடி குடுத்தாத்தான் இறங்கும்."

"என் மடி இருக்கே."

"சாவி திருகினவங்க மடிக்கு வராதாம்மா. கேட்டுப் பார்த்துட்டேன்."

"அப்ப உங்க மடி?"

"பூரா கிரீஸு."

"என் மடியைக் குழந்தைக்குச் சொல்லியிருக்கிறதே," என்றேன் மெதுவாக.

"அப்ப நடந்து போங்க ஐயா. பதினாலு கிலோமீட்டர்தான்."

வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். சவரிமுத்து நாலு பிளக்கையும் கழற்றி எஞ்சினைச் சுற்றவிட்டார். ஏரி சத்தமில்லாமல் வந்து மடியில் அமர்ந்தது. குளிர்ச்சியாக இருந்தது, வேட்டி நனையவில்லை. இருவருக்கும் சேர்த்து பெல்ட் போட்டார். பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆயிலை மாற்றினார். வண்டி கிளம்பியது.

பூமயில் ஓட்டினாள். ஏரி வழியில் ஒன்றும் பேசவில்லை. நானும் புதியவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறவன் அல்ல.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம் இருந்தது. சம்பந்தி என் மடியைப் பார்த்தார்.

"மாமன் மடி காலியா இல்லையே."

"எங்க அண்ணன் எங்கயும் தனியா போகமாட்டார்," என்றாள் தங்கை. குழந்தையைக் கொண்டுவந்து என் முழங்கால் பக்கமாக உட்காரவைத்தாள். குழந்தை காலை ஏரிக்குள் தொங்கவிட்டுக்கொண்டது.

ஆசாரி ஊசியை எடுத்தார். "முதல்ல யாருக்கு?"

"மூத்தவங்களுக்கே குத்துங்க," என்றார் சம்பந்தி.

ஏரிக்கு இரண்டு காதுகளும் மேற்குக் கரையில், மதகை ஒட்டி இருந்தன. ஆசாரி அங்கே சந்தனப் பொட்டு வைத்தார்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க ஐயா, திமிறும்."

பிடித்துக்கொண்டேன்.