ஹரிராம் வீட்டுக் காரின் புகை

நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். ஒரு காரின் வயிற்றைத் திறந்து மூடுவதற்கு. ஷோரூம்காரன் ஹரிராம் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்ன அன்றைக்கே, ஆனையூரில் எங்கள் தெரு முழுக்க அந்தத் தொகை தெரிந்துபோனது. நான்தான் பரப்பினேன் என்று ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். நான் சொன்னது இரண்டே வீட்டுக்கு.

ஹரிராம் தெற்குமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்ப்பவர். அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். அவர் மனைவி பத்மாசினி வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். அவள் குரல் மெயின் ரோடு வரைக்கும் போகும். எங்கள் அடுப்படி ஜன்னலும் அவர்கள் கார் நிறுத்தும் இடமும் நேருக்கு நேர். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. கொத்தனார் ஜன்னலை அப்படி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போன வருஷம், அதாவது இரண்டாயிரத்து மூன்றில், அவர்கள் ஒரு சின்ன சிவப்புக் கார் வாங்கினார்கள். பழசுதான். பரவை தாண்டி திண்டுக்கல் ரோட்டில் கண்ணாடி மாளிகை மாதிரி நிற்கிற ஷோரூமில் வாங்கியது. அன்றிலிருந்து ஹரிராமுக்கு வெள்ளிக்கிழமை என்றால் அது காருடைய நாள். பத்மா பூஜை அறையில் இருக்கிற நேரத்தில் இவர் வெளியே காரைக் குளிப்பாட்டுவார். சந்தனம், குங்குமம், கண்ணாடிக்கு ஒரு முழம் மல்லிகை. கடைசியில் முன்மூடியைத் தூக்கி, எவர்சில்வர் டம்ளர் நிறைய எஞ்சின் ஆயில் எடுத்து, அபிஷேகம் பண்ணுவதுபோல நிதானமாக உள்ளே ஊற்றுவார். கார் வைத்திருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்களிடம் இருப்பது ஒரு மொபெட். அதற்குப் பெட்ரோல் ஊற்றுவதே எங்கள் வீட்டில் பெரிய விசேஷம்.

இந்த வருஷம் சித்திரையில் கார் புகைய ஆரம்பித்தது. சாதாரணப் புகை இல்லை. நீலமாக, மெதுவாக, தெருவை அளந்துகொண்டு போகிற புகை. முக்கில் நிற்கிற இஸ்திரிக்காரர் சோணை வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு வீடு தாண்டிப் போனார்.

"அண்ணே, வெள்ளைச் சட்டைக்கெல்லாம் உங்க கார்லயே நீலம் போட்டுக்கிறலாம் போல" என்று ஹரிராமிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் காரை ஷோரூமில் விட்டதும், அவர்கள் போன் செய்ததும். அவ்வளவு பணத்துக்கு ஒரே வழி பத்மாவின் வளையல்கள். கல்யாணத்துக்கு யாரும் போட்டது இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்து, தொண்டை கட்டி, அவளே சேர்த்து வாங்கினது. அதை அடகு வைப்பதா, காரை அப்படியே தள்ளிவிடுவதா என்று அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். நம்மோடு தமிழில் பேசுவார்கள், சண்டை மட்டும் அவர்கள் பாஷையில்தான். பதினோரு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு இதில் எத்தனை நஷ்டம் என்று யாருக்கும் அக்கறை இல்லை. அன்றைக்கு எனக்கு விளங்கியது மூன்றே சொல். எஞ்சின். அடகு. ரெங்கம்மா.

ரெங்கம்மா என்பது நான். என் பெயர் அந்தச் சண்டையில் எதற்கு வந்தது என்று யோசித்து யோசித்து ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

மறுநாள் காலையில் பத்மாவே வந்து கூப்பிட்டாள். "ரெங்கம்மாக்கா, ஷோரூமுக்கு நீங்களும் வாங்க. இவரு அவங்க என்ன சொன்னாலும் தலையாட்டுவாரு. வாய் பேச ஒரு ஆள் வேணும்."

இதைவிட மரியாதையாக என்னை யாரும் எங்கேயும் அழைத்ததில்லை. "இந்தா வாரேன்" என்று சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் ஹரிராம் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஷோரூமில் ஏசி. மீன் தொட்டி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா, அதில் நாலைந்து பேர். பணத்தைப் பிடுங்குகிற இடத்தில் மட்டும் எப்படித்தான் இவ்வளவு குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்களோ. டை கட்டின ஒரு பையன் வந்தான். சட்டையில் ராம்கி என்று பெயர் குத்தியிருந்தது. காபி கொடுத்தான். பிறகு குண்டைப் போட்டான்.

"பிஸ்டன், ரிங்கு, போரு எல்லாமே போயிருச்சு சார். எஞ்சினை இறக்கித்தான் ஆகணும். ஃபேமிலியோட போறீங்க. நடுரோட்டுல நின்னுட்டா? உங்க சேஃப்டிக்குத்தான் சொல்றேன்."

"எஞ்சினைத் திறந்து பாத்தீங்களா தம்பி?" என்றேன்.

"சார் ஓகே சொன்னாத்தான் மேடம் திறப்போம்."

"திறக்காமயே உள்ள அம்புட்டும் போச்சுன்னு எப்புடித் தெரியும்? ஜோசியமா?"

"புகையைப் பாத்தாலே தெரியும் மேடம். எக்ஸ்பீரியன்ஸ்." அவனுக்கு மீசையே இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஒரு தாளை ஹரிராம் முன்னால் வைத்துப் பேனாவையும் நீட்டினான். "பாதி அட்வான்ஸ் கட்டிட்டா இன்னைக்கே வேலையை ஆரம்பிச்சுருவோம் சார்."

ஹரிராம் பேனாவை வாங்கிக்கொண்டார். பத்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வளையல்கள் அதற்குள்தான். "பரவை மார்க்கெட்டுக்கு எதுத்தாப்புல ஒரு அடகுக்கடை இருந்துச்சு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். தடுக்கலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒரே சங்கதியைக் கேட்டேன். சத்தியமாக அறிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அப்ப வாராவாரம் அண்ணே ஊத்துற எண்ணெயெல்லாம் எங்க போகுது தம்பி?"

பேனா நின்றது.

"எந்த எண்ணெய்?" என்றாள் பத்மா.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு டம்ளர் ஊத்துவாருல்ல. நீ சாமி கும்பிடுற நேரத்துல."

பத்மாவின் வாய் திறந்தபடி நின்றது. ஹரிராம் மீன் தொட்டியைப் பார்த்தார். நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, ராம்கியைப் பார்த்தேன். ஒரு செய்தியை முதல் தடவை கேட்கிற முகம் ஒன்று உண்டு. புருவம் தூக்கும், கழுத்து முன்னால் வரும். எத்தனை வருஷமாக அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வீடு வீடாகப் போய்வருகிறேன்! ஏற்கெனவே தெரிந்தவன் முகம் அப்படி இருக்காது, கல் மாதிரி இருக்கும். ராம்கியின் முகம் கல்.

"பத்மா, இவனுக்கு முன்னாடியே தெரியும்டி" என்றேன்.

பத்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். டியூஷன் குரல் வந்தது. "தம்பி, இங்க பாரு. எண்ணெய் அளக்க எஞ்சின்ல ஒரு கம்பி இருக்குல்ல? இழுத்துப் பாத்தியா இல்லையா?"

"பாத்தோம் மேடம்."

"எம்புட்டு இருந்துச்சு?"

"கொஞ்சம் கூடத்தான்..."

"கொஞ்சமா?"

"நெறையக் கூட மேடம்."

"அளவுக்கு மேல எண்ணெய் இருந்தா புகை வருமா, வராதா?"

"வரலாம். ஆனா அது மட்டுமே காரணம்னு..."

"வருமா, வராதா?"

சோபாவில் இருந்தவர்கள் எல்லாரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டார்கள். "வரும் மேடம்" என்றான் ராம்கி.

எனக்குக் காபி கசந்தது. கம்பியை இழுத்துப் பார்த்திருக்கிறான். எண்ணெய் நிறைந்து வழிவது தெரிந்திருக்கிறது. வடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஒரு வார்த்தை அந்தக் கண்ணாடி மாளிகையில் ஒருத்தன் வாயிலும் வரவில்லை. பிஸ்டனாம், போராம், சேஃப்டியாம்!

பத்மா இப்போது புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குமா தெரியும்?"

"நேத்துதான் கடையில ஒருத்தர் சொன்னாரு, எண்ணெய் கூடினா புகையும்னு" என்றார் ஹரிராம், தரையைப் பார்த்து.

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஓஹோ! அக்காவைக் கூட்டிட்டு வரவேணாம்னு நேத்து அம்புட்டு நேரம் மல்லுக்கு நின்னது இதுக்குத்தானா?"

அந்தச் சண்டையில் என் பெயர் வந்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரு சிரித்துவிடக் கூடாதாம். நான் சொல்லித் தெரு சிரித்துவிடுமாம். அதற்காக இந்த மனிதர் பெண்டாட்டி வளையலை அடகுக்கடையில் வைக்கவும் துணிந்துவிட்டார்! திருடன் எதிரிலேயே டை கட்டி நிற்கிறான். இவர் பயந்ததோ என் வாய்க்கு. என் வாய்க்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் விலை வைத்த முதல் ஆள் ஹரிராம்தான். வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு கேட்டிருப்பேன். மடியில் பத்மாவின் கைப்பை இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

ராம்கி அந்த நேரத்தில் ஒரு தப்புப் பண்ணினான். "இதை முதல்லயே நீங்க சொல்லியிருந்தா சார், எங்களுக்கு இந்த..." என்று பழியைத் தூக்கி ஹரிராம் தலையில் வைக்கப் பார்த்தான்.

ஹரிராம் எழுந்தார். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"நான்தான் ஊத்தினேன்" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "வாராவாரம் ஒரு டம்ளர். கார் எடுத்த அன்னைக்கு 'ஆயில் மட்டும் குறையவே விடாதீங்க சார்'னு நீங்கதான சொன்னீங்க? குறையக் கூடாதேன்னு ஊத்தினேன். எனக்குத் தெரியாது, நான் முட்டாளு. சரி. உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சு ஏன் சொல்லலை?"

சோபாவில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை. தன் கையில் இருந்த தாளை எடுத்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார். "ஏந்தம்பி, என் வண்டிக்கும் திறந்து பாத்துத்தான் எழுதினீங்களா?" என்று அவர் கேட்டதும், உள் அறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார்.

அதற்குமேல் எல்லாம் வேகமாக நடந்தது. காருக்கு அடியில் ஒரு சட்டியை வைத்துத் திருகைக் கழற்றினார்கள். சட்டி நிறைந்து இன்னொரு சட்டி கேட்டது. அளவாகப் புது எண்ணெய் ஊற்றினார்கள். அதற்குப் பணம் வாங்கினார்கள், அது நியாயம். 'செக்கிங் சார்ஜ்' என்று தனியாக ஒன்று போட்டிருந்தார்கள். பத்மா அதை அவர்கள் பேனாவாலேயே அடித்துவிட்டுக் கொடுத்தாள்.

திரும்பும்போது பரவை மார்க்கெட் வரைக்கும் பின்னால் புகை வந்தது. நான் பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் அந்த அடகுக்கடையைத் தாண்டியபோது பத்மா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். ஆனையூர் திருப்பத்தில் பின்னால் வந்த சைக்கிள்காரர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

தெருவில் இறங்கியதும் எனக்குக் கை கால் பரபரத்தது. இந்த மாதிரி ஒரு செய்தி பத்து வருஷத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிசயம். எந்த வீட்டில் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டே முகம் கழுவிவிட்டு வெளியே வருகிறேன், பத்மா வாசலில் நிற்கிறாள். டியூஷனுக்குப் பிள்ளைகளை விட வந்த அம்மாமார் அத்தனை பேரும் அவளைச் சுற்றி. சோணை இஸ்திரிப் பெட்டியைக்கூட இறக்கி வைத்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரு காருக்கு வாராவாரம் ஒரு டம்ளர் எண்ணெய் புகட்டியிருக்காரு, கேட்டீங்களா!" என்று மெயின் ரோடு வரைக்கும் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரு சிரித்தது. ஹரிராமும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார். ராம்கி பெயர் வந்ததும் சிரிப்பு நின்று திட்டு ஆரம்பித்தது. எனக்குச் சொல்ல ஒரு வரி மிச்சம் வைக்கவில்லை அவள். இந்த அநியாயத்தை நான் எந்த ஷோரூமில் போய்க் கேட்பது?

அடுத்த வெள்ளிக்கிழமை கார் குளித்தது. சந்தனம், குங்குமம், மல்லிகை எல்லாம் ஆனது. கடைசியில் ஹரிராம் அந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு சொட்டும் இல்லை என்று கவிழ்த்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

நான் அதைப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.