கேப்டன் ஆணா, பெண்ணா?

அட்டைப்படம் வரைபவள் விண்வெளிக் கப்பலின் கேப்டனை ஒரே மூச்சில் வரைந்து முடித்தாள். நெடிய உருவம், கத்தி போன்ற தாடை, காற்றே இல்லாத இடத்திலும் காற்றில் பறக்கும் முடி. நாவலின் கையெழுத்துப் பிரதியை மூடப் போனபோதுதான் ஒரு நெருடல். கேப்டன் ஆண் என்று எங்கே எழுதியிருக்கிறது?

முதலிலிருந்து புரட்டினாள். ‘கேப்டன் வந்தார்’, ‘கேப்டன் அதட்டினார்’. எல்லாம் மரியாதை ‘ஆர்’தான். மீசையும் இல்லை, கொண்டையும் இல்லை. அப்படியானால் இந்தத் தாடையைக் கொடுத்தது யார்? தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

விஷயம் அவளைச் சும்மா விடவில்லை. “விண்வெளிக் கப்பல் கேப்டன்னா எப்படி இருப்பார்?” என்று கணவனைக் கேட்டாள்.

“உயரமா, ஒல்லியா இருப்பான்” என்றான், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். மகளும் அதையே சொன்னாள். பேருந்து ஓட்டும் அண்ணி வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அவளையும் விடவில்லை.

“அதான் சினிமால வருவானே, அவன்தான்.”

“ஏன் அண்ணி, தினம் ஒரு ஊரையே ஏத்திக்கிட்டு அவ்வளவு பெரிய வண்டிய நீங்க ஓட்டலையா? உங்கள மாதிரி ஒருத்தரா இருக்கக் கூடாதா?”

அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “நானா? நான் ஓட்டினா கப்பல் நிலவுலயும் நிக்கும், செவ்வாய்லயும் நிக்கும். ‘உள்ள தள்ளிப் போங்க’ன்னு கத்திக்கிட்டே இருப்பேன்!”

சிரிப்பு அடங்கியதும், “அப்படி நான் யோசிச்சதே இல்லையே” என்றாள், தனக்குத்தானே.

“அப்படியே இருங்க, அசையாதீங்க!” இவள் பென்சிலை எடுத்தாள். தடித்த தோள், நெற்றிச் சுருக்கம், பின்னால் ஏறுகிறவர்களையும் விட்டுவைக்காத ஓரக்கண்.

பதிப்பாசிரியர் தலையைச் சொறிந்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா கடையில கையில எடுப்பாங்களா?”

படம் எழுத்தாளருக்குப் போனது. அவர் அன்றே போன் செய்தார். “எழுதும்போது எனக்கு முகமே தெரியலங்க, குரல் மட்டும்தான் கேட்டுச்சு. இப்ப இந்த முகத்தத் தவிர வேற எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது.”

இழுபறிக்குப் பிறகு அட்டையில் கப்பல் மட்டும் வந்தது. கேப்டனுக்கு உள்ளே முதல் பக்கம். வரைந்தவளுக்கு அதில் பாதி மனசுதான்.

புத்தகம் வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கதைப்புத்தகம் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் அவள்.

“இந்தம்மா யாரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறா? திரும்பி வந்துருவாளா?”

“சொல்ல மாட்டேன். படிங்க.”

“ரொம்பத்தான்!” என்று முறைத்த அண்ணி, நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய அசையப் படிக்க ஆரம்பித்தாள்.