முகம் கழுவிக்கொண்டு வந்தவர்களிடம் கேட்கக் கூடாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. நான் பாண்டிச்செல்வி, வண்டியூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளின் கட்டுரைகளில் 'தொடக்கம் சரியில்லை' என்று சிவப்பு மையில் எழுதியவளுக்கு, இன்று தொடக்கம் வரமாட்டேன் என்கிறது.

"தெப்பக்குளத்துத் தண்ணீரில் மைய மண்டபத்தின் நிழல் அசைந்தபோது..."

(வேண்டாம். குளத்தில் தண்ணீர் நின்றால் போதும், எங்கள் ஊரில் ஆளாளுக்கு இப்படி எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இந்தக் கதையில் குளமே கிடையாது.)

"நுஸைபா மிகவும் மென்மையான பெண்..."

(பொய். ஆரப்பாளையத்தில் ஷேர் ஆட்டோக்காரரிடம் அவள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.)

2

ஜூன் மாதம் நுஸைபா எங்கள் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்தாள். இருபத்தாறு வயது, முதல் வேலை. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவைக் கொடுத்தார்கள். அந்த வகுப்பைப் பற்றி நல்லதாக ஒரு வரி... (யோசித்தேன், வரவில்லை.) அவள் போர்டு பக்கம் திரும்பினால் பின்பெஞ்சில் குலவை போடுவார்கள். ஒரு நாள் பாதி பீரியடில் எழுந்து வந்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தாள்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வழக்கம். வேளைகெட்ட வேளையில் முகம் கழுவிக்கொண்டு வந்தவர்களிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தன் டிபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். பிறகு எங்களுக்குள்ளும் அதைப் பேசமாட்டோம். எனக்கும் ஒரு காலத்தில் நகர்ந்து வந்திருக்கிறது.* அன்று அறிவியல் டீச்சர் அழகம்மாள் தன் புளியோதரையை நகர்த்தினார். நுஸைபா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

* தக்காளி சாதம். காரணத்தை இங்கேயும் சொல்லமாட்டேன்.

3

கேட்கக் கூடாது என்றுதான் வழக்கம். ஒன்றும் செய்யக் கூடாது என்று இல்லையே.

மறுநாள் அழகம்மாள் டீச்சர் யாருக்கும் தெரியாமல் ஒன்பது பி-க்குப் போய், "அந்த மிஸ்ஸு மனசு நோகுற மாதிரி ஒருத்தரும் நடந்துக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அதே நாள் பி.இ.டி. விருமாண்டி சார், "கணக்கு பீரியட்ல சத்தம் வந்துச்சு, இந்த மாசம் பூராம் பந்தத் தொட முடியாது" என்றார். மூன்றாவதாக ஒருவர் போய், "புது மிஸ்ஸக் கேள்வி கேட்டு மடக்காதீங்கடா" என்றார்.

[முதல் பிரதியில் இந்த மூன்றாவதையும் அழகம்மாள் தலையிலேயே போட்டிருந்தேன். அடித்துவிட்டேன். சொன்னது நான்.]

ஒருவர் போனது இன்னொருவருக்குத் தெரியாது. வழக்கப்படி யாரும் பேசிக்கொள்ளவில்லை.

4

வகுப்பு அடங்கியது. எங்களுக்கு ஒரே பெருமை. இரண்டு மாதம் கழித்து, இந்தப் புதன்கிழமை, நுஸைபா என்னிடம் ஒரு கவரைக் காட்டினாள். ராஜினாமா.

"வெள்ளிக்கிழமை கடைசி பெல்லுக்கப்புறம் ஹெச்.எம். கிட்டக் குடுக்கப் போறேன்க்கா. கப்பலூர்ல ஒரு கம்பெனில ஆபீஸ் வேலை இருக்குன்னு மாமா சொல்றாங்க."

"ஏம்மா, கிளாஸ் இப்ப நல்லாத்தானே போகுது?"

"எங்க போகுது? நாப்பத்திரண்டு பிள்ளைக. ஒண்ணுகூட ஒரு சந்தேகம் கேக்கமாட்டேங்குது. மொதல்லயாச்சும் கத்துச்சுக. இப்ப சுவத்தப் பாக்குற மாதிரி என்னையப் பாக்குதுக. எனக்கு இது வராதுக்கா."

நேராகப் போய் ஒன்பது பி முத்துமீனாவைப் பிடித்தேன்.

"நீங்கதான டீச்சர் கேக்கக் கூடாதுன்னீங்க" என்றாள். "எனக்கு அந்தச் சமன்பாடு பாதிலருந்து புரியல. வாய் வரைக்கும் வருது. கேட்டா மிஸ்ஸு அழுதுருவாங்களோன்னு விட்டுட்டேன். எங்களுக்கு அம்புட்டுப் பிடிக்கும் அவங்கள."

5

மற்ற இருவரும் போய்ச் சொன்னது முத்துமீனா வாயிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலை மூன்று பேரும் வழக்கத்தை உடைத்துப் பேசினோம். ஒருவர் மாற்றி ஒருவர் ஒப்புக்கொண்டபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"இதச் சொன்னா, நாம அவங்கள நம்பலன்னு ஆயிரும்ல" என்றார் விருமாண்டி சார்.

"நம்பலதான சார்" என்றார் அழகம்மாள். "நம்பியிருந்தா நாம ஏன் போறோம்?"

கடைசியில் விருமாண்டி சார், "நீங்க கதையா எழுதிக் குடுத்துருங்க டீச்சர். கதைன்னா கோவிச்சுக்க முடியாது. என்னையக் கொஞ்சம் ஒல்லியாப் போடுங்க" என்றார்.

(விருமாண்டி சார் ஒல்லியானவர்.)

6

முடிவு அ: அவள் கவரைக் கிழித்துப் போடுகிறாள், வகுப்பே கைதட்டுகிறது. இது எங்கள் ஆண்டுவிழா நாடகம் மாதிரி இருக்கிறது.

முடிவு ஆ: அவள் கப்பலூர் போய்விடுகிறாள், நாங்கள்... இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இ எனக்குத் தெரியாது. ஏனென்றால் வாசகர் என்று நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேனோ, அது நீதான் நுஸைபா. வெள்ளி மதியம், நீ சாப்பிட வரும்போது இந்தத் தாள்கள் உன் மேஜையில் இருக்கும்.

நேற்று மூன்று பேரும், இந்த முறை சேர்ந்தே, ஒன்பது பி-க்குப் போனோம். நாங்கள் சொன்னதெல்லாம் தப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். உனக்கு உதவுவதாக நினைத்து, உன் வகுப்பை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம்.

இன்று கடைசி பீரியட் உனக்கு அங்கேதான். சத்தம் இருக்கும். குலவைகூட வரலாம். முத்துமீனா கேள்வி கேட்பாள், அதற்குப் பின்னால் நாற்பத்தொரு பேர் இரண்டு மாதச் சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ அதன் பிறகும் கவரைக் கொடுத்தால் நான் தடுக்கமாட்டேன்.

எவ்வளவு சத்தம் கேட்டாலும் நாங்கள் யாரும் அந்த வராந்தா பக்கம் வரமாட்டோம். நீ பார்த்துக்கொள்வாய்.