கை வைத்தவள்

1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறியபோது காந்தாவின் எம்.பி.பி.எஸ். சான்றிதழைத் துறைமுகச் சோதனையில் பிடுங்கிக்கொண்டார்கள். எட்டு வருடம் அங்கே பிரசவ வார்டில் டாக்டராக இருந்தவள். பெங்களூரில், அல்சூரில் இருந்த அண்ணன் வீட்டில் தங்கி, டாக்டராகப் பதிவு செய்ய மருத்துவக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தாள். அவள் படித்தது உண்மைதான் என்று ரங்கூனிலிருந்து பதில் வந்தால்தான் பதிவு, பதிவு இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றார்கள். பதில் வருகிறவரை டாக்டர் சேஷகிரியின் நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குப் போனாள்.

சேர்ந்த அன்று சேஷகிரி கேட்டார்: "எதுக்கும்மா டாக்டருக்குப் படிச்சே?"

காந்தா உள்ளதைச் சொன்னாள். அவளுக்குப் பதினொரு வயதில் தம்பி பிறந்தான். அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. வாசல்வரை வந்த டாக்டரை, ஆம்பளை என்று அப்பா உள்ளே விடவில்லை. துணி மாற்றி மாற்றி வைத்தது காந்தாதான்.

"சாயங்காலம் போயிட்டாங்க சார். பொம்பளை டாக்டர் ஒருத்தர் இருந்திருந்தா பொழச்சிருப்பாங்க. அதான் படிச்சேன்."

மறுவாரம் நண்பர்கள் டீக்கு வந்தபோது சேஷகிரி அவளைக் கூப்பிட்டு, அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பாதியிலேயே ஒருவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து மலச்சட்டி எடுக்க வேண்டுமென்றால் "பர்மா டாக்டரைக் கூப்பிடு" என்பார்கள். நர்ஸ் பவுலின் மட்டும் சிரிக்கமாட்டாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம். ஜானகி என்ற பெண்ணுக்குப் பிரசவமாகி அரை மணி ஆகியிருந்தது. சேஷகிரி கிளப்புக்குச் சாப்பிடப் போயிருந்தார். படுக்கை நனைந்து தரையில் ரத்தம் சொட்டியது. பவுலின் ஊசி போட்டாள், அடிவயிற்றைத் தேய்த்தாள். நிற்கவில்லை. கிளப்புக்கு ஃபோன் செய்தாள்.

"தேய்ச்சுக்கிட்டே இரு, சாப்பிட்டுட்டு வர்றேன்னு வெச்சுட்டார்" என்று திரும்பி வந்தாள்.

காந்தா முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் காந்தா. உன்னை விடமாட்டார்."

"வெளக்கை இந்தப் பக்கம் திருப்பு."

ஒரு கையை உள்ளே விட்டு முஷ்டியாக மடக்கி, மறு கையால் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தாள். இருபத்தைந்து நிமிடம். கை மரத்துப்போயிற்று. ரத்தம் குறைந்து, நின்றது. கதவருகே ஜானகியின் மாமியார் லட்சுமம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேஷகிரி வந்ததும் லட்சுமம்மா கேட்டாள்: "ஆயா உள்ள கை விட்டாளே சாமி, அது சரியா?"

"கக்கூஸ் கழுவுற கை அம்மா அது. நீங்க எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவரே புகாரை எழுதினார். லட்சுமம்மா கைநாட்டு வைத்தாள். மூன்றாம் நாள், எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் ஜானகியும் கையெழுத்துப் போட்டாள். காந்தாவைப் பார்த்து, "நான் அந்த வீட்டுலதானே வாழணும்க்கா" என்றாள். அந்த நேரத்தில் தான் வேறு அறையில் இருந்ததாகப் பவுலின் எழுதிக்கொடுத்தாள்.

கவுன்சில் விசாரணைக்கு மூன்று அதிகாரிகள். ரங்கூனிலிருந்து பதில் வந்திருந்தது. அவள் டாக்டர்தான் என்று அதில் எழுதியிருந்ததை ஒருவர் வாசித்தும் காட்டினார்.

"பதிவு இல்லாம கை வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"டாக்டர் வர்றவரைக்கும் காத்திருக்கலாமே."

"செத்திருப்பா சார்."

"அது உங்க அபிப்பிராயம்."

விண்ணப்பம் தள்ளுபடி. இனி ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவும் கூடாது. விசாரணைக்கு வந்திருந்த சேஷகிரி வெளியே வந்து, அவள் கண்ணெதிரிலேயே டிரைவரிடம் காரை எடுக்கச் சொல்லி ஏறிப் போனார்.

"அல்சூர் பூராவும் பேசறாங்க" என்று அண்ணன் அவளை ஆனேக்கலுக்குப் பஸ் ஏற்றிவிட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை காலியாக இருந்தது. எதுவரைக்கும் படித்திருக்கிறாய் என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"எட்டாவது" என்றாள் காந்தா.