நான்காவது படி

'மூன்றே நிமிடங்களில் மிக இலகுவாக நிறுவலாம்.' தான் எழுதிய இந்த வரியை இப்போது பார்க்கப் பார்க்கக் கமறியாவுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் கற்பிட்டி மீனவர் சங்கத்தில் கடிதமும் கணக்கும் எழுதும் லிகிதர். கடும் காற்று வருமுன் போனில் மணியடித்துச் சொல்லும் செயலி ஒன்றைக் கொழும்புத் திட்டத்தார் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அதைப் போனில் ஏற்றுவது எப்படி என்று ஒரு பக்கத் தாளில் எழுதியவள் அவள்தான்.

போன புதன்கிழமை காற்று வந்தது. கடலில் நின்ற முப்பத்தெட்டுப் போன்களில் ஆறுதான் அடித்தன. சங்கத்து மீனவர் ஜபார் நானாவின் போன் அடிக்கவில்லை. படகு கவிழ்ந்து, மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தார் மனிதர். இருட்டிய பிறகுதான் வேறொரு படகு அவரைத் தூக்கி வந்தது.

இன்று காலை திட்ட அதிகாரி இனாஸ் வந்து இறங்கினார். நல்ல கதிரையாகப் பார்த்துச் சாய்ந்து, சங்கத்துச் செலவில் வந்த றோல்ஸைக் கடித்தபடியே ஓர் அறிக்கையை நீட்டினார். 'பயனர்கள் அறிவுறுத்தல்களைப் பின்பற்றவில்லை.' கீழே கமறியா கையொப்பம் வைக்க வேண்டும். வைத்தால் இந்தக் கரைக்குச் செயலி சரிவராது என்று வேறு ஊருக்குக் கொண்டு போய்விடுவார்கள். அடுத்த காற்றுக்கு அந்த ஆறு போனும் அடிக்காது.

"மத்த முப்பத்திரண்டு பேரும் நாலாவது படியில 'இல்லை' எண்டு அமத்தி இருக்காங்க மிஸ். எல்லாம் அந்த அகதி ஆக்கள். அவங்களுக்கு எழுதிக் குடுத்தும் பிரயோசனமில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாயிலிருந்து தெறித்த துகளை விரலால் துடைக்கப் போய், தாளில் எண்ணெய்க் கறை அப்பிக்கொண்டது. சீ என்றிருந்தது அவளுக்கு. ஜபார் நானா போன்றவர்கள் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து இருபத்தேழு வருடம். பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கேயே கலியாணமும் முடித்தாயிற்று. இன்னும் அகதி! பரம்பரைக் கற்பிட்டிக்காரியான தானும் அந்தச் சொல்லை வாய் கூசாமல் சொல்லித் திரிந்தது ஞாபகம் வர, அருவருப்பு இரட்டிப்பானது.

"பின்னேரம் தாறன் சேர்," என்று தாளை மடித்துக்கொண்டு நேரே ஜபாரின் வீட்டுக்குப் போனாள்.

ஜபார் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மனைவி றிஸானா வாசலுக்கு வந்தாள். கமறியா தான் எழுதிய வழிகாட்டித் தாளை நீட்டினாள்.

"ராத்தா, உங்கட போன எடுங்க. இந்தத் தாளைப் பாத்து நீங்களே ஏத்துங்க. நான் வாய் திறக்க மாட்டன்."

றிஸானா எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'செயலியைப் பதிவிறக்குக' என்ற இடத்தில் நின்று, "இறக்கி வைக்க இதென்ன மிஸ், பாரமா?" என்று கேட்டாள். கமறியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எப்படியோ செயலியின் அடையாளமான நங்கூரப் படத்தைக் கண்டுபிடித்துத் தட்டி, றிஸானா மூன்று படி தாண்டினாள். நான்காவதில் அவளுடைய விரல் அப்படியே நின்றது.

'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதி வழங்குக.'

படகு எந்தப் பக்கக் கடலில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் மணி அடிக்கும். அதற்குத்தான் இந்தப் படி. கமறியா முதலில் 'போன் இருக்கிற இடத்தைக் கேட்கும்' என்றுதான் எழுதியிருந்தாள். சந்தைக் கதை போல இருக்கிறதென்று வெட்டிவிட்டு, அரசாங்கக் கடிதத்தில் வருகிற தமிழைப் போட்டாள். போட்டுவிட்டு நாலு பேருக்குக் காட்டிப் பெருமையும் பட்டாள்.

றிஸானா தலையைத் தூக்கினாள்.

"முகாமில இருக்கக்குள்ள ஒராள் வந்து இருப்பிடம் கேட்டார். இஞ்ச, புத்தளம் எண்டு சொன்னம். மன்னாரில வோட்டை வெட்டினாங்க. மத்த முறை மன்னார் எண்டு சொன்னம். இஞ்ச நிவாரண அரிசிய வெட்டினாங்க. அதுதான் இவரும் 'இல்லை'ய அமத்தினவர். நீங்க படிச்ச பிள்ளை, சொல்லுங்க. இப்ப எதைச் சொன்னா வெட்டமாட்டாங்க?"

கமறியாவுக்குத் தன் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

"இது வீட்டைக் கேக்கல்ல ராத்தா. படகு நிக்கிற இடத்தைத்தான் கேக்குது."

பாயில் கிடந்த ஜபார் மெல்லத் திரும்பினார். உப்பில் வெடித்த உதடு.

"அப்ப அதையே எழுதி இருக்கலாமே, மிஸ்."

கமறியா பையிலிருந்து பேனையை எடுத்தாள். வழிகாட்டியின் நான்காவது படியை அடித்துவிட்டு, 'படகு நிற்கிற இடத்தைக் கேட்கும், வீட்டை அல்ல. ஆம் என்று அழுத்துங்கள்' என்று எழுதி றிஸானாவிடம் கொடுத்தாள். றிஸானா ஒருமுறை வாசித்தாள், அழுத்தினாள்.

பிறகு கமறியா இனாஸின் அறிக்கையை விரித்தாள். 'பயனர்கள்' என்று தொடங்கிய வரியைக் குறுக்காக வெட்டினாள். 'அறிவுறுத்தலை எழுதியவளுக்குத் தமிழ் தெரியாது' என்று கீழே எழுதி, எண்ணெய்க் கறைக்கு மேலேயே கையொப்பம் வைத்தாள்.