பச்சைத் தண்ணீர்

வீடியோவுக்குப் பேச வேண்டுமென்றால் பெரியவள் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். துணிகளுக்கு நடுவில் பேசினால் எதிரொலிக்காது என்று போன் கடைக்காரர் சொல்லியிருந்தார். சட்டைகள் முகத்தில் உரச, "ஹாய் மக்களே, சூப்பரான டிப்ஸோட வந்திருக்கேன்" என்று குழைவாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கழிந்த வயசு அவளுடையது. கூடத்தை மூடி வேலையை வெளியாட்களுக்குக் கொடுத்த பிறகு, தெரிந்த ஒரே வித்தையை வைத்துச் சேனல் தொடங்கினாள். கறை எடுக்கும் வித்தை. ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

தங்கை சின்னவள் பிரசவத்துக்காக அவளுடன் வந்து தங்கியிருந்தாள். புருஷன் கப்பலில் வேலை. அலமாரிக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"லிஃப்டுக்குள்ள ஒருத்தி 'கதவு மூடுகிறது'ம்பாளே, அவளேதான்க்கா நீ. வீட்ல என்கிட்ட பேசறவ எங்க போனா?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அவள் எங்கே போனாள் என்று இவளுக்கும்தான் தெரியவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தியதும் தொண்டைக்குள் வேறொருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஏழாம் மாதத்தில் ஒரு விடியலில் சின்னவளை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதாயிற்று. குழந்தை தங்கவில்லை. வார்டில் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெரியவள் போர்வையைச் சரிசெய்தாள், தலையணையைச் சரிசெய்தாள், மறுபடி போர்வையைச் சரிசெய்தாள். வாயில் ஒன்றும் வரவில்லை. மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கட்டிலில் சின்னவள் படுத்திருந்த விரிப்பு ரத்தக்கறையோடு அப்படியே கிடந்தது. இது போல எத்தனையோ விரிப்புகளைத் துவைத்திருக்கிறாள். எதையும் யாருடையது என்று தெரிந்து துவைத்ததில்லை. தொட்டியில் போட்டாள். வழக்கம் போலப் போனை ஸ்டாண்டில் மாட்டி, கேமராவைப் போட்டாள். ஏன் போட்டாள்? பின்னாளில் எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் ஒரே பதில்தான் கிடைத்தது. போட்டதும் கை நடுக்கம் நின்றது.

"சுடுதண்ணி ஊத்தாதீங்க. ஊத்தினா கறை அங்கயே உக்காந்துக்கும். பச்சைத் தண்ணிதான். தேய்க்க வேணாம். அவசரம் வேணாம்... விட்ருங்க. அதுவா விடும்."

நடுநடுவே நீண்ட மௌனம். தண்ணீர் மட்டும் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

சின்னவள் வீடு திரும்பி, எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் பெரியவள் அந்த வீடியோவைப் போட்டுக் கேட்டாள். மயிர்க்கூச்செறிந்தது. தங்கை தேடியவள் இவள்தான். முகம் இல்லை, பேர் இல்லை, விரிப்பென்றால் வெறும் விரிப்பு என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எதையும் வெட்டாமல் ஏற்றிவிட்டாள்.

ஜனம் வந்து குவிந்தது. உங்கள் குரலைக் கேட்டு அழுதுவிட்டேன் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அடுப்படியில் நின்று படித்துக்கொண்டே பெரியவள் சந்தோஷப்பட்டாள். அதை அவளால் பிற்பாடு மறுக்க முடியவில்லை.

வீடியோவில் விரிப்பின் ஓரத்து நீல நூல் ஒட்டு தெரிந்தது. அதைப் போட்டவள் சின்னவள்தான். போனோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கோபம் மாதிரி ஒன்றும் முகத்தில் இல்லை.

"இது என்னோடதுதானே?"

எடுத்துவிடுகிறேன், இந்த நிமிஷமே எடுத்துவிடுகிறேன் என்று பெரியவள் தடுமாறினாள்.

"எதுக்கு எடுக்கணும்? நல்லாத்தான் பேசியிருக்க." சின்னவள் போனை மேடைமேல் வைத்தாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரில நீ ஏதாவது சொல்லுவன்னு பாத்துட்டே கிடந்தேன்க்கா. ஒரு வார்த்தை சொல்லல. இங்க வந்து துணிகிட்ட சொல்லியிருக்க."

பெரியவள் வீடியோவை அழித்தாள். அவ்வளவு பேர் எழுதியதெல்லாம் அதோடு போயிற்று. தங்கை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சாயங்காலம் தன் துணிகளை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கொடு, நான் துவைக்கிறேன் என்று பெரியவள் கை நீட்டினாள்.

"வேணாம். இனிமே என் துணிய நானே துவைச்சுக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் கதவில் கை வைத்தபடி நின்றாள். சொல்ல வேண்டியது நெஞ்சில் இருந்தது, இந்த முறை வார்த்தையாகவே இருந்தது. வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன்பே அது எப்படி ஒலிக்கும் என்று அவள் காதுக்குக் கேட்டுவிட்டது. தாழ்ந்து, நிதானமாக, இடையில் ஒரு மௌனத்தோடு, வீடியோவில் கேட்டது போலவே. மிக நன்றாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.