பால் பிடித்த துரு

இருபத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு. சுமை தூக்கும் மாரி, புதுப்பட்டினத்தில் ஜம்புலிங்கத்தின் டீக்கடையில் வைத்திருந்த பாக்கி அது. பாக்கி வராமல் கிளாஸ் வராது என்று ஜம்புலிங்கம் சொல்லிவிட்டார். டீ இறங்காமல் மாரிக்கு மூட்டை ஏறவில்லை.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரிக்குச் சாமான் இறக்கப் போனபோது, அங்கே ஆராய்ச்சி செய்கிற வசுமதி அம்மா கேட்டார். "சுத்தமான இரும்புத் துரு ஒரு டப்பா வேணும் மாரி. இருபத்தஞ்சு ரூபா தரேன்."

சுத்தமான துருவுக்கு எங்கே போவது? கரை ஒதுங்கிய கப்பலின் நங்கூரம் ஒன்றை ஊர்க் கெங்கையம்மன் கோயில் வாசலில் நட்டிருந்தார்கள். ஆடி முழுக்க அதற்குப் பால் அபிஷேகம். பாலில் குளித்த துருவைவிடச் சுத்தம் உண்டா? அம்மனைக் கும்பிட்டுச் சுரண்டினான். நன்றாக அலசி, காயவைத்து, பஸ் ஏறினான்.

வசுமதி அம்மா துருவைப் பொடித்து, அமினோ அமிலம் கரைத்த தண்ணீரில் போட்டுக் குலுக்கினார். "பால், மீன் எல்லாத்துலயும் இருக்கிற புரதம் இந்த அமிலங்கள் கோத்ததுதான். துரு இதை இழுத்துப் பிடிச்சுக்கும். பிடிச்சிட்டா, தெளிஞ்ச தண்ணியில மருந்து விட்டாலும் நிறம் மாறாது."

வடிகட்டி, மருந்து விட்டுச் சூடாக்கினார். கத்தரிப்பூ நிறம். மறுபடி செய்தார். மறுபடியும் கத்தரிப்பூ.

"இதை எங்கே எடுத்தே?"

மாரி பெருமையாகச் சொன்னான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "துருவுல இருக்கிற இடத்தையெல்லாம், பஸ்ல சீட்டு பிடிக்கிற மாதிரி, பால் முன்னாடியே பிடிச்சிடுச்சு! என் அமிலம் எங்கே உட்காரும்?"

"நல்லா அலசினேனே அம்மா."

"வெறும் தண்ணிக்கு எறங்காது. பால் கொஞ்சூண்டு கலந்த தண்ணி ஊத்தியிருந்தாலே போதும், துரு புடிச்சு வெச்சுக்கும்."

பஸ் சார்ஜ் மட்டும் கிடைத்தது.

டீக்கடையில் கூட்டம். "டப்பு எங்கடா?" என்றார் ஜம்புலிங்கம்.

"எங்க அண்ணாத்த? ஆடிக்கு அம்மன் கோயில் நங்கூரத்துக்கு நீ ஊத்தன பாலு கெடுத்துடுச்சு" என்று மாரி நடந்ததைச் சொன்னான். "அலசியும் வுடல. அப்படிப் புடிச்சிகினு கீதாம். காலேஜ்ல சொல்றாங்க."

ஜம்புலிங்கத்தின் பாலை ஊரே 'கெணத்துப் பால்' என்றுதான் கிண்டல் செய்யும். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டுக்கினீங்களா? தண்ணியா இருந்தா புடிக்குமா? டேய் மாரி, நாளிக்கும் வந்து இதச் சொல்லு!"

பால் கொஞ்சூண்டு இருந்தாலே போதும் என்று அம்மா சொன்னதை, கைக்கு வந்த டீயோடு சேர்த்து மாரி விழுங்கினான். ஜம்புலிங்கம் ஈரத்துணி எடுத்து, சுவரில் கரியால் எழுதியிருந்த அவன் கணக்கைத் துடைத்தார்.

பெஞ்சிலிருந்து கண்ணாயிரம் குரல் கொடுத்தான். "இன்னா அண்ணாத்த, கரி ஒரே இழுப்புல பூடுச்சே! அதுலயும் கொஞ்சம் உன் பால ஊத்தி எழுதக்கூடாது?"